அறிவு குறைந்தவருக்குக் கடைத்தெருவில் இடமுண்டா?

நம் வீடுகளில் வழங்கும் இரண்டு பேச்சுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்கு வயது ஏறுகிறது. அறிவு அந்த அளவுக்கு ஏறவில்லை. வீட்டுப் பெரியவர்கள், "பாவம், அவன்மேல் கேள்வி கணக்கு இல்லை, அவன் சுவனத்துப் பிள்ளை" என்கிறார்கள். சற்றுப் பொறுத்து அவர்களே, "கடைத்தெருவுக்கெல்லாம் அவனை விடவேண்டாம், வீட்டோடு இருக்கட்டும்" என்கிறார்கள். இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவையே. முதலாவது பேச்சுக்கு மார்க்க ஆதாரமும் உண்டு. சிறுவர், உறங்குபவர், புத்தித் தெளிவில்லாதவர் ஆகிய மூவரின் செயல்களும் குற்றமாக எழுதப்படுவதில்லை என்பது ஓதுபள்ளியிலேயே நாம் கேட்டறிந்த செய்தி. ஆனால் இரண்டாவது பேச்சு முதலாவதிலிருந்து பிறக்கிறதா? கடமை நீங்கியவருக்கு உரிமையும் நீங்கிவிட்டதா? இதைத்தான் இங்கே விசாரிக்கப் புகுகிறோம்.

வர்த்தகர்களாகிய நமக்கு இக்கேள்வி கடினமாயிருக்கக்கூடாது. ஒருவர் பெயரில் பற்று ஒரு காசும் இல்லை என்பதற்காக, அவர் பெயரிலுள்ள வரவையும் சேர்த்து அடித்துவிடும் கணக்கப்பிள்ளையை நாம் ஒருநாள்கூட வேலையில் வைத்திருக்கமாட்டோம். பிக்ஹு இமாம்கள் இதனை வெகு காலத்துக்கு முன்பே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மனிதனுக்கு இரண்டு தகுதிகள் உண்டு: ஒன்று உரிமை பெறும் தகுதி, மற்றொன்று தானே நின்று காரியம் நடத்தும் தகுதி. பின்னது அறிவோடு வளர்வது, அறிவோடு குறைவது. முன்னதோ தாயின் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. கருவிலிருக்கும் சிசுவுக்காகவும் பாகத்தில் பங்கு நிறுத்திவைக்கப்படுவதை நாம் அறிவோம். புத்திக் குறைவு பின்னதைக் குறைக்கலாம்; முன்னதைத் தொடாது. எனவேதான் தகப்பன் காலமானால், ஒன்றும் அறியாத மகனுக்கும் மற்ற மகன்களுக்குரிய பங்கு குன்றிமணியளவும் குறையாமல் வந்துசேருகிறது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் நியாயம் அன்று. கடைத்தெருவிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. நம் தொழிலைச் சேர்ந்த அந்த நிகழ்ச்சியை நம்மவர்கள் அடிக்கடி பேசாமலிருப்பது நமக்கு வியப்பே. மதீனாவில் அன்சாரிகளைச் சேர்ந்த ஹப்பான் இப்னு முன்கிது என்றொருவர் இருந்தார். (சில அறிவிப்புகளில் அவருடைய தந்தையாரின் பெயரே வருகிறது.) தலையில் பட்ட அடியால் அவருடைய அறிவும் தளர்ந்தது, நாவும் குழறிற்று. ஆயினும் வியாபாரத்தை விட்டாரில்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் பிறர் அவரை ஏமாற்றினார்கள். அவருடைய வீட்டார் பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்று, இவர் கொடுக்கல் வாங்கல் செய்யாதபடி தடைவிதிக்க வேண்டுமென்று முறையிட்டார்கள். நபியவர்கள் அவரை அழைத்து, வியாபாரத்தை நிறுத்திவிடச் சொன்னார்கள். அவரோ, அது தம்மால் ஆகாதென்று மறுமொழி கூறினார்.

இவ்விடத்தில் சற்று நிற்போம். நம்மில் ஒருவர் அங்கே பஞ்சாயத்துக்கு அமர்ந்திருந்தால் என்ன தீர்ப்பு வழங்கியிருப்போம்? வீட்டார் சொல்வது நியாயம். ஆசாமி ஏமாறுவதும் உண்மை. எனவே பெட்டியைப் பூட்டிச் சாவியை அண்ணன் தம்பிகளிடம் கொடு என்றுதான் சொல்லியிருப்போம். நபியவர்களின் தீர்ப்பு அப்படி அமையவில்லை. பேரம் முடிக்கும்போது, இதில் ஏமாற்று இருக்கக்கூடாது என்று வாயால் சொல்லிவிடும்படி அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்; வாங்கிய பொருளை மூன்று நாளைக்குள் திருப்பிக்கொடுக்கும் உரிமையையும் அளித்தார்கள். நாக்குழறலால் அந்தச் சிறு வாசகத்தையும் அவர் தவறாகவே உச்சரித்து வந்தார் என்று ஹதீஸ் நூல்கள் குறிக்கின்றன. தவறான அந்த உச்சரிப்பும் மதீனாவின் சந்தையில் செல்லுபடியாயிற்று!

இந்தத் தீர்ப்பில் பாரம் யார்மேல் ஏற்றப்பட்டது என்பதை வியாபாரிகள் கவனிக்கவேண்டும். குறையுள்ளவரைச் சந்தையிலிருந்து நீக்கிவிடவில்லை. சந்தைக்கு ஒரு நிபந்தனை போடப்பட்டது. மூன்று நாள் தவணையின் இடைஞ்சலைச் சுமந்தவர்கள் தெளிந்த புத்தியுள்ள வியாபாரிகள். இச்சலுகை ஹப்பான் ஒருவருக்கு மட்டும் உரியதா, எல்லோருக்கும் பொதுவா என்று இமாம்கள் பிற்காலத்தில் கருத்து வேறுபட்டார்கள் என்பது மெய்யே. சட்டம் எப்படியாயினும், அதன் போக்கு எந்தத் திசையை நோக்குகிறது என்பதில் ஐயமில்லை. 2006 டிசம்பரில் ஐக்கிய நாட்டுச் சபை நிறைவேற்றிய உடற்குறை அறிவுக்குறையுடையோர் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் விதியும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. அப்படிப்பட்டவர் சார்பில் பிறர் முடிவெடுத்துவிடாமல், அவரே முடிவெடுக்கத் துணைசெய்யுங்கள். அத்துணை தவறாகப் பயன்படாதபடி காவலும் வையுங்கள் என்பது அதன் சாரம். நம் மலேசிய நாடு அந்த உடன்படிக்கையை 2010 ஜூலையில் உறுதிப்படுத்தி ஏற்றுக்கொண்டது.

நிற்க. 'அறிவுக் குறை' என்று நாம் சொல்வது எதை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் நம்மவரிடையே இதில் பெருங்குழப்பம் உண்டு. மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறை வேறு. மனநோய் நன்றாயிருந்தவருக்கும் இடையில் வரலாம்; மருந்தினால் தணியலாம். அறிவு வளர்ச்சிக் குறை பெரும்பாலும் பிறவியிலோ குழந்தைப் பருவத்திலோ ஏற்படுவது. அது நோயன்று, கற்கும் வேகமும் அளவும் குறைந்திருக்கும் ஒரு நிலை. டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லப்படும் வகைக்குக் காரணம், உடலின் அணுக்களில் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாயிருப்பதே என்று 1959ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு அறிஞர் லெஜூனும் அவருடன் உழைத்தவர்களும் கண்டு வெளியிட்டார்கள். பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டுதல், கருவுற்ற காலத்தில் அயோடின் சத்துப் போதாமை, மூளைக்காய்ச்சல் என்று வேறு காரணங்களும் உண்டு. பல பிள்ளைகளின் விஷயத்தில் காரணமே தெரிவதில்லை. தாய் கிரகணத்தில் வெளியே போனதாலும் இல்லை; யாருடைய கண்ணேறும் இல்லை; மாமியார் சொல்லும் எந்தக் குற்றமும் இல்லை. தாயத்தும் தண்ணீர் ஓதுதலும் தாயின் மனத்துக்கு ஆறுதலாயிருந்தால் இருக்கட்டும். அவற்றுக்காகப் பள்ளிக்கூடத்தைத் தள்ளிப்போட்டால்தான் நஷ்டம். ஐந்து வயதில் கற்றுக்கொள்ளக்கூடியதைப் பதினைந்து வயதில் கற்பிப்பது எத்தனை கடினம் என்பதை அப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும்.

வீட்டோடு வைத்துக்கொள்ளும் அன்பு எல்லை மீறினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் தாய்மண்ணிலேயே ஒரு கொடிய சாட்சி உண்டு. நம்மவர் பலரின் பூர்வீகமான இராமநாதபுரம் மாவட்டத்திலே, ஏர்வாடியில், 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த கீற்றுக்கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். அவர்களைத் தீ கொன்றது என்பதைவிடச் சங்கிலி கொன்றது என்பதே பொருந்தும். கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. இவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தாருமே. தர்காவின் பரக்கத்தால் குணமாகட்டும் என்ற நம்பிக்கையும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாத களைப்பும் சேர்ந்தே அவர்களை அங்கு சேர்த்தன. நாம் அந்தக் குடும்பங்களின்மேல் கல்லெறியவில்லை. அவர்கள் களைத்துப்போகும்வரை அவர்களுடைய ஊரும் ஜமாஅத்தும் உறவுமுறையும் எங்கே இருந்தன என்றுதான் கேட்கிறோம்.

கெடாவுக்கு வருவோம். சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் பழைய வாழ்க்கையை நம் மூத்த வியாபாரிகள் நன்கறிவார்கள். சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு லயம் லயமாகச் சென்றவர்கள் நம்மவர்கள். சம்பள நாள்வரை கடன் கொடுத்து மளிகைக் கடை நடத்தியவர்கள் நம்மவர்கள். அந்த லயங்களிலும் அறிவு வளராத பிள்ளைகள் இருந்தார்கள். அங்கே எல்லாம் நன்றாயிருந்தது என்று சொல்லமாட்டோம். அடியும் ஏளனமும் இருந்தன. வைத்தியமென்று பார்த்தால் தோட்டத்து டிரஸரோடு சரி. ஆனால் ஒன்று இருந்தது. தாயும் தகப்பனும் பால்வெட்டப் போனபிறகு அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆயாக்கொட்டகையும், அடுத்த வீட்டுக் கிழவியும், கோயில் திண்ணையும் இருந்தன. அவன் எங்கே திரிந்தாலும் அவன் இன்னார் மகன் என்று தெரிந்த கண்கள் நூறு இருந்தன. சின்னஞ்சிறு வேலையும் இருந்தது: தண்ணீர் சுமப்பான், விறகு பொறுக்குவான், கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வருவான். சில்லறை சரியாயிருக்கிறதா என்று அவன் எண்ணவேண்டியதில்லை. கடைக்காரர் எண்ணிக் கொடுத்தார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பின்னர்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, லயங்கள் இடிந்தன. ஜனங்கள் பட்டணத்து ஓரங்களிலுள்ள அடுக்குமாடி மலிவு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். நூறு கண்களும் சிதறிப்போயின. தாய் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகவேண்டும். பிள்ளையை யாரிடம் விடுவது? கதவைப் பூட்டிவிட்டுப் போகிறாள். அவள் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஏர்வாடியில் இரும்பில் செய்த சங்கிலி, நான்காவது மாடியில் பூட்டாக உருமாறுகிறது. பூட்டுபவளின் துயரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தக் குடும்பங்களில் பெரும்பாலோர் இந்துக்கள், சிலர் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் சொற்பம். நம் சங்கம் ஏன் இதில் தலையிடவேண்டும் என்று ஒரு சிலர் கேட்கக்கூடும். அவர்கள் காசு நம் கல்லாப்பெட்டியில் விழுந்த காலத்தில் நாம் மதம் கேட்டோமா? பேராக்கின் தென்மேற்கே சிம்பாங் அம்பாட்டில் 1966இல் லூத்தரன் கிறிஸ்தவர்கள் தொடங்கிய பெத்தானி இல்லம், சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளை மதம் பாராமல் ஏற்றுப் பயிற்சியளித்து வந்திருக்கிறது. தமிழ் பேசும் பிள்ளைகளுக்காக அவர்கள் செய்ததற்கு நாம் நன்றியுடையவர்களாயிருக்கவேண்டும். கொஞ்சம் நாணவும் வேண்டும்.

இனி, நாம் செய்யத்தக்கது யாது? 'உதவி' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்கள் பையில் கைவிடுகிறார்கள். சதக்காவில் நம் சமூகம் குறைந்ததில்லை. ரமலானில் அரிசி மூட்டைகள் போகின்றன. அரிசி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்தக் குடும்பங்களுக்கு இல்லாதது பெரும்பாலும் அரிசியன்று. கூட நின்று பேச ஓர் ஆள். ஹப்பானின் கதையில் அதிகம் பேசப்படாத பிற்பகுதி ஒன்றுண்டு. கலீபா உதுமான் (ரலி) அவர்கள் காலத்தில் மதீனாவில் ஜனம் பெருகிவிட்டது. பழைய மனிதர்கள் குறைந்துவிட்டார்கள். கிழவராகிவிட்ட அவர் பொருளைத் திருப்பிக்கொடுக்கப் போனால், இவருக்கு இருந்த சலுகையைப் புது வியாபாரிகள் அறியமாட்டார்கள், மறுப்பார்கள். அப்போது நபித்தோழர் ஒருவர் அவ்வழியே வந்து, இவர் சொல்வது மெய், இவருக்கு மூன்று நாள் உரிமை நபியவர்களே கொடுத்தது என்று சாட்சி சொன்ன பின்புதான் காரியம் முடியும். உரிமை இருந்தது, அதைச் சொல்ல அவருடைய வாய் போதவில்லை, வழியில் போன ஒருவர் நின்று சொல்லவேண்டியிருந்தது.

கெடாவில் அந்தச் சாட்சிக்கு இன்று எத்தனையோ வேலை இருக்கிறது. 2008ஆம் ஆண்டு இந்நாட்டில் உடற்பேறு குறைந்தோர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சமூகநல இலாகாவில் பதிந்துகொண்டால் 'ஓக்கேயு' அட்டை கிடைக்கிறது. அதில் ஏழு பிரிவுகள்; நம் பிள்ளைகள் வருவது 'கற்றல் பிரச்னை' என்ற பிரிவில். அரசாங்க டாக்டர் பாரத்தில் சான்று எழுதவேண்டும். மாவட்ட நல அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். எளிதாகத் தோன்றுகிறதன்றோ? மலாய்மொழிப் பாரத்தைப் படிக்கத் தடுமாறும் ஒரு தாய், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, கூச்சலிடும் பிள்ளையோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதை எண்ணிப்பாருங்கள். 'இன்னொரு நாள் வா' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவள் மறுமுறை வருவதில்லை. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரமே சரியாக எடுக்கப்படாதிருந்தால் இந்த அட்டையும் எட்டாது. பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள், தங்கையின் கலியாணம் நின்றுவிடும் என்று அஞ்சிப் பதியாதவர்களும் உண்டு. நம் சமூகத்தில்தான் இது அதிகமோ என்று நமக்கு ஓர் ஐயம்.

பள்ளிக்கூடத்தின் கதை இதைவிட நீளம். 1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள், கல்வி கற்பிக்கத்தக்க பிள்ளைகளுக்கே இடம் என்று வரம்பு கட்டின. கடுமையான அறிவுக் குறையுள்ளோர் அவ்வரம்புக்கு வெளியே நின்றார்கள். 2013இல் விதிகள் மாற்றப்பட்டன. 2019 முதல், எந்தப் பிள்ளையையும் திருப்பியனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ஆனால் கொள்கை தலைநகரில் இருக்கிறது. பிள்ளையோ ஓர் ஊர்ப் பள்ளியின் வாசலில் நிற்கிறது. சிறப்புக் கல்வி வகுப்பு எந்தப் பள்ளியில் உண்டு, இல்லையென்றால் எங்கே முறையிடுவது என்று சொல்ல ஆள் வேண்டும். 2008 சட்டமோ நல்ல சொற்கள் நிரம்பியது. மீறினால் என்ன தண்டனை என்பதுதான் இயற்றப்பட்ட வடிவில் அதில் எழுதப்படவில்லை. பூட்டில்லாத பெட்டகம் என்று வக்கீல்கள் அதைக் குறைகூறுவதில் நியாயமுண்டு. தண்டனையில்லாத சட்டத்துக்கு உயிர் வரவேண்டுமானால், ஊரார் கூடி நின்று விடாமல் கேட்டுக்கொண்டேயிருப்பதுதான் வழி.

சமூகமே கூடிப் பயிற்சி கொடுக்கும் 'பிடிகே' நிலையங்கள் 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் சிறு அளவில் தொடங்கி, இன்று கெடா உட்பட எல்லா மாநிலங்களிலும் உள்ளன. பல்துலக்க, சட்டைமாட்ட, காசு அறிய அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். நம்மவர்களில் லாரியும் வேனும் வைத்திராதவர் யார்? வாரத்தில் இரண்டு காலை, சரக்கு இறக்கிய பின்பு சும்மா நிற்கும் வேன் நான்கு பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்விட்டால், நான்கு கதவுகளின் பூட்டு அன்று திறந்திருக்கும். சங்கத்தில் மலாய் நன்றாக எழுதத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒருநாள் மாலை பாரம் எழுதிக்கொடுக்க உட்காரலாம். இவை பெரிய காரியங்கள் அல்ல. மதீனாவில் புத்தியில் ஏதோ குறையிருந்த ஒரு பெண்மணி, தமக்கு நபியவர்களிடம் ஒரு காரியம் இருப்பதாகச் சொன்னபோது, எந்தத் தெருவில் நின்று பேசவேண்டும் என்பதை அப்பெண்ணையே தேர்ந்துகொள்ளச் சொல்லி, அங்கே சென்று, அவள் சொல்லி முடிக்கும்வரை நின்றார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பதாக முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவளுடைய காரியம் இன்னதென்று அறிவிப்பில் இல்லை. அற்பமான காரியமாகவே இருந்திருக்கலாம்.

கடைக்குள் வருவோம். நம் கடைத்தெருக்களில் இப்படிப்பட்ட ஒருவர் திரிந்தால், அவரை வேடிக்கைப் பொருளாக்கும் கெட்ட வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு தேத்தண்ணீர் கொடுத்துப் பாடச் சொல்வது. பொய்யாகப் பெண்பார்த்து வைத்திருப்பதாகச் சொல்வது. அவர் கோபித்தால் சிரிப்பது. கொடுத்த தேத்தண்ணீரைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்வது. இந்த விளையாட்டு நடக்கும் கடையின் முதலாளி, தாம் சிரிக்கவில்லை என்று சொல்லித் தப்பமுடியாது, கடை அவருடையது.

அவருக்கு வேலை கொடுக்கலாமா என்று கேட்டால், நம் பதில் கொடுக்கலாம், ஆனால் வேலையாகக் கொடுக்கவேண்டும் என்பதே. பொட்டலம் கட்டுவது, தட்டுக் கழுவுவது, அலமாரியில் சரக்கு நிரப்புவது, வெங்காயம் உரிப்பது என்று நம் தொழிலில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் வேலைகள் ஏராளம். இப்பிள்ளைகளில் பலருக்கு மாறாத வேலையில் சலிப்பு வருவதில்லை என்பதையும், நேரம் தவறாமையில் அவர்கள் நம் மற்ற பையன்களை வெட்கப்படுத்துவதையும் அவர்களை வைத்து வேலை வாங்கியவர்கள் சொல்கிறார்கள். ஒரே மூச்சில் ஐந்து வேலை சொன்னால் குழம்புவார்கள்; ஒன்றைக் காட்டி, செய்யவைத்து, பிறகு அடுத்ததைச் சொல்லவேண்டும். ஜப்பானியர் துணையுடன் சமூகநல இலாகா பழக்கிவைத்துள்ள 'ஜாப் கோச்' என்னும் வேலைத்துணைவர் முறையில், பயிற்சி பெற்ற ஒருவர் ஆரம்பத்தில் கடைக்கே வந்து பக்கத்தில் நின்று பழக்கி, மெல்ல மெல்ல விலகிக்கொள்கிறார். இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தை வருமான வரியில் இரண்டு மடங்காகக் கழித்துக்கொள்ள 1982ஆம் ஆண்டின் விதி இடம்கொடுத்திருக்கிறது. நம் கணக்காளர்கள் எத்தனைபேர் இதை நமக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆனால் வரிக்காக மட்டும் வைத்துக்கொண்டு, சாப்பாடும் சட்டையும் கொடுத்துச் சம்பளத்தை மறந்துவிடுவது பச்சை மோசடி. ஹப்பானை ஏமாற்றிய வியாபாரிகள் செய்ததற்கும் அதற்கும் வித்தியாசம் நமக்குப் புலப்படவில்லை.

நஷ்டம் செய்துவிட்டால்? யாராவது அவரைத் தவறான வழியில் இழுத்துவிட்டால்? இந்த அச்சங்கள் வெறும் சாக்கல்ல. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களின் அச்சம் இன்னும் கனமானது. இதற்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. மறைவான இடத்தில்தான் தீங்கு அதிகம் நடக்கிறது. வீட்டுக்குள்ளேயே, தெரிந்தவர்களாலேயே நடக்கிறது. பலர் அறிந்த, பலரோடு பழகிய, வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக் காவல் அதிகம். கோலாலம்பூரில் 'யுனைட்டெட் வாய்ஸ்' என்றொரு சங்கம் 2005இல் பதிவாயிற்று. கற்றல் குறையுடையவர்களே அதன் நிர்வாகக் குழுவில் அமர்ந்து, கூட்டம் நடத்தி, தங்கள் காரியத்தைத் தாங்களே பேசுகிறார்கள். துணைக்கு ஆட்கள் உண்டு. ஆனால் தலைவர் நாற்காலியில் இருப்பவர் துணையாள் அல்லர். நம் சங்கத் தேர்தல்களில் நடக்கும் கூச்சலை நினைத்தால், அவர்களிடம் போய் நாம் சில பாடம் கற்றுவரலாம் போலிருக்கிறது!

கடைசியாக, பெற்றோர்கள் இரவில் நினைத்து விழித்திருக்கும் விஷயம். எங்களுக்குப் பின் யார்? பிள்ளைக்குச் சாப்பாடு போட ஒரு மகள் கலியாணமாகாமலே நின்றுவிட்ட குடும்பங்களை நாம் அறிவோம். அவளிடம் யாரும் கேட்டதுமில்லை.

பணமுள்ளவர்களாவது இதைத் தள்ளிப்போடக் காரணமில்லை. சூரத்துன் நிஸாவின் தொடக்கத்தில், புத்தி முதிராதவர்களின் கையில் சொத்தை ஒப்படைத்துவிடாமல், அதில் அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, அவர்களோடு நல்ல பேச்சே பேசும்படி கட்டளை வருகிறது. அங்கே 'அதிலிருந்து' என்று வராமல் 'அதில்' என்று வருவதைத் தப்ஸீர் ஆசிரியர் ஜமக்ஷரி நுணுக்கமாகக் காட்டுகிறார்: முதலை எடுத்துச் செலவழிக்காமல், அதை வியாபாரத்தில் போட்டு, வரும் இலாபத்தில் அவர்களைப் பராமரிக்கவேண்டும் என்று பொருள்கொள்கிறார். வர்த்தகருக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லமுடியும்? கலீபா உமர் (ரலி) அவர்களும் யதீம்களின் பணத்தை ஜகாத்தே தின்றுதீர்த்துவிடாதபடி வியாபாரத்தில் இடும்படி சொன்னதாக அறிவிப்பு உண்டு. புத்தி குறைந்தவரின் சொத்துக்கு ஜகாத் உண்டா என்பதில் நம்மிடையே ஷாபி மத்ஹபினர் உண்டென்றும், ஹனபி மத்ஹபினர் பொதுவாக இல்லையென்றும் கொள்கிறார்கள். அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். சொத்து அவருடையது என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

வாரிசுக்கு மரண சாசனத்தால் கூடுதலாக எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றிச் செல்லாது. ஆகையால் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகவோ அறக்கட்டளை ஏற்பாடாகவோ செய்துவைப்பது உசிதம். நம் நாட்டில் அமானா ராயா இத்தகைய ஏற்பாடுகளை நடத்தித் தருகிறது. சிங்கப்பூரில் இவர்களுக்கென்றே ஓர் அறக்கட்டளை நிறுவனம் 2009 முதல் இயங்குகிறது. கெடாவிலோ பினாங்கிலோ அப்படி ஒன்றை நம் வணிகர் சங்கங்கள் கூடித் தொடங்க முடியாதா என்பது ஆலோசிக்கத்தக்கது. எப்படிச் செய்தாலும் பொறுப்பாளராக உறவினரில் ஒருவரும் வெளியாரில் ஒருவரும் இருக்கட்டும். ஒருவரையொருவர் கவனிக்க அது உதவும். பிள்ளைக்கு எது பிடிக்கும், இரவில் விளக்கு வேண்டுமா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவற்றைத் தாய் சொல்லச்சொல்ல ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். பத்திரத்தைவிட அது முக்கியம். ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் கணக்குப் படிக்கும்போது சொத்துக்குரியவரும் அங்கே அமர்ந்திருக்கட்டும். எல்லாம் விளங்காமல் போகலாம். இவ்வளவு வந்தது, இவ்வளவு உன் சட்டைக்கு, இவ்வளவு மீதி என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி, அவர் ஏதேனும் கேட்டால் அதையும் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.